பலகையில் எழுதி முடிக்கும்வரை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இது என் கையெழுத்து. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் மாடிவீட்டுத் தையற்காரர் எழுதிக் கொடுத்தது, அதனால்தான் அவரைப் பற்றி ஒரு குறையும் அவற்றில் இருந்திருக்காது. நான் மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாகவே படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, இப்போது வீட்டுத் தூசியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், திட்டு எனக்கு.

உன் அக்கா விஷயம்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நகராட்சித் தலைவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. போன வாரம் பள்ளத் தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, பெரிய தொட்டியை அடைக்கச் சொல்லிவிட்டாள். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாள், முடிவு வரவில்லை. ஊருக்கே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீரும் போதவில்லை. கவுன்சிலர்கள் தண்ணீரைத் திறக்கச் சொல்லித் தொட்டிக் காவலரை நெருக்க, அவர் பயந்துபோய் வால்வு திறக்கும் இரும்புச் சாவியை நம் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. துணைத் தலைவர் இருக்கிறாரே, எல்லாரும் மைக் என்று கூப்பிடுகிற ஆள், அவர் சந்தையில் நின்று, முன்பே பிடித்து வைத்திருந்த அதே குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துக் காட்டி, எனக்கு என்ன ஆச்சு பாருங்க, இந்தம்மா பயந்தாங்கொள்ளி என்று பேசினார். திங்கட்கிழமை கூட்டத்தில் அக்காவை இறக்கத் தீர்மானமும் கொண்டுவருகிறார்.

நேற்று மத்தியானம் காலிக் குடங்களோடு ஒரு கூட்டம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. சாவியைக் கொடு, இல்லேன்னா உள்ளே வந்து எடுப்போம் என்று ஒருவன் கேட்டில் ஏறினான். போலீசைக் கூப்பிடச் சொன்னேன். அக்கா கூப்பிடவில்லை. நான் எழுதிப் பழகுகிற கரும்பலகையைத் தூக்கி வந்து வாசலில் சாய்த்து, நான் சொல்றது எழுத்தில இருக்கட்டும், நாளைக்கு நான் மாத்திப் பேசினா இதைக் காட்டிக் கேளுங்க, அப்பா எழுதுவார் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவள் அவள், அரை நிமிஷத்தில் எழுதிவிடுவாளே. இருந்தாலும் சாக்கட்டியை வாங்கினேன், மகள் ஊர் முன்னால் கூப்பிட்டுவிட்டாளே. சோதனை முடிவு வரும்வரை தண்ணீரைத் திறக்க மாட்டோம் என்று எழுதுவதற்குள் வேர்த்துவிட்டது. பெரியவரே, சீக்கிரம், மண்டை காயுது என்று ஒருவன் கத்தினான். கறிக்கடைக்காரர் அவனை அதட்டி, சும்மா இருடா, அவசரப்படுத்தினா வரி கோணிக்கும் என்றார். தையற்காரர் மனைவி கொம்பு எங்கே போடணும் என்று சொல்லிக் கொடுத்தாள். கேட்டில் ஏறியவன் இறங்கி வந்து, பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டான். சாவி என்னிடம் இருக்கிறது, பொறுப்பும் என்னுடையது என்று கடைசி வரியை நான் எழுத எழுத, எல்லாரும் கூடவே சத்தமாகப் படித்தார்கள். கையெழுத்தை அவள் போட்டுக்கொண்டிருக்கும்போதே சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. சாக்கடை கலந்ததுதான் என்று உறுதியாகிவிட்டது. எல்லாரும் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் மைக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அக்கா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் பார்த்தாள். திங்கட்கிழமை உன்னைக் கவிழ்க்கப் போறவன் ஆச்சே என்றேன். அவருக்கும் நான்தானேப்பா தலைவர் என்கிறாள். இது கெட்டிக்காரத்தனமா, வெகுளித்தனமா, நீயே சொல். திங்கட்கிழமை அவள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டுவதா, தோற்று வந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று வேண்டுவதா, அதுவும் தெரியவில்லை. உன் அம்மா இரண்டையும் வேண்டிக்கொள்கிறாள்.

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. என்னை எழுதச் சொன்னது என் எழுத்தின்மேல் இருந்த பெருமையாலா, நான் ஆமை என்பதாலா? இன்று காலையில் கேட்டேவிட்டேன். அதற்கு அவள், எந்த இடத்தில் குழாய் உடைந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, நாளைக்கும் தண்ணீர் கேட்டு ஜனங்க வருவாங்க, மறுபடி எழுதணும், எவ்வளவு நேரம் ஆகும்பா என்றாள். உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் ஆகும் என்றேன். உன் அக்கா சிரித்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் சரியாகத்தான் சொன்னேனா?

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். அங்கேயும் தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். திங்கட்கிழமை அக்காவுக்குப் போன் செய், கூட்டத்தைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
சாக்கட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பும்
உன் அப்பா