வாவியைப் பார்த்த வாசல்

மார்ச் 8, சனி. வெள்ளவத்தை.

குகனின் கட்டடக்கலைக் கண்காட்சிக்கு இன்று போனேன். இருபது வருடம் என் செய்திகளுக்குப் படம் எடுத்தவன். பழுகாமத்து வயல்களில் காவலுக்குப் போடும் ஓலைக் குடில்களான வாடிகளைப் பற்றி முதலில் எழுதியது நான். இப்போது கொழும்பில் ஒரு மண்டபம் முழுக்க அவன் பெயர்.

நடுவில் கம்பும் ஓலையுமாக ஒரு வாடியையே கட்டியிருந்தான். எதிர்ச் சுவர் முழுக்கப் பழுகாமத்து வாவியின் படம். வாசல் அந்த வாவியைப் பார்த்திருந்தது, அழகுக்காக. பழுகாமத்தில் வாவி கிழக்கே. மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். எங்கள் வயல் வட்டையில் ஒருவரும் அந்தப் பக்கம் வாசல் வைக்கமாட்டார்கள்.

போன மாதம் வரைபடத்தை அனுப்பி, "பிழை இருந்தாச் சொல்லு மச்சான்" என்று கேட்டிருந்தான். பிழையைக் கண்டேன். எல்லாம் சரி என்று பதில் போட்டேன்.

பழுகாமத்திலிருந்து பெரிய வயற்காரரான கணபதிப் போடியாரையும் அழைத்திருந்தான். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "என்ன கா இது? மாரியில இதுக்குள்ள படுத்தா விடிய நீந்தித்தான் வரணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

குகன் சிரிக்கவில்லை. "இல்ல போடியார், பிழை வராது. இவன் பார்த்துச் சரியெண்டு சொன்னது" என்று என் தோளில் கை போட்டுச் சுவரைக் காட்டினான். 'தகவல்களைச் சரிபார்த்தவர்' என்று போட்டு, கீழே என் பெயர்.

போடியாரின் வாடியில் எத்தனையோ மாரி தங்கியிருக்கிறேன். அவர் என்னையே பார்த்தார். "நீங்களும் காணல்லியா தம்பி?"

"காணல்ல போடியார்" என்றேன். குகன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.