வெட்டி எறிந்த பதினோரு விநாடி

9.8.1994, செவ்வாய்

என் கேசட் பதிவுக் கடைக்கு கிரண் வந்தான். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன்; இப்போது 'லைன்மேன்' என்ற ராக் பாண்டில் கிட்டார் வாசிக்கிறான். மண்டி மொஹல்லாவில் ஒரு குடோன், மூன்று பேர், ஒரு மைக். 'ரெண்டாவது ஷிப்ட்' என்று ஆல்பமாம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குள் நாற்பது காப்பி வேண்டும். வேறு பிரதி இல்லை, ஜாக்கிரதை என்றான்.

போட்டுக் கேட்டேன். தகரத்தை ரோட்டில் இழுப்பதுபோல இருக்கிறது. இதற்கு நாற்பதா?

10.8, புதன்

பாட்டுக்கு முன்னால் பதினோரு விநாடி வெறும் கரண்ட் இரைச்சல். எர்த் போடத் தெரியாத ஆட்கள். காப்பி மெஷின் ஆரம்பத்திலிருந்துதான் எடுக்கும், அந்தத் துண்டு டேப்பை வெட்டி எறிந்தேன். கிட்டார் சுருதியும் எதோடும் சேரவில்லை. பக்கத்துக் கடை ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டால், ஏறியிருக்கிறது. டேப் வேகமாக ஓடுகிறது, வேறென்ன? மோட்டாரைக் குறைத்து வைத்தேன். இருபது காப்பி முடிந்தது.

ஒரு நன்றியாவது சொல்வார்கள்.

11.8, வியாழன்

நன்றியா! கிரணோடு பாடகி அனுப்ரியாவும் வந்தாள். அரை நிமிடம் கேட்டார்கள்.

"என்ன குரு, பஜனை கேசட் ஆக்கிட்டே?" என்றான் கிரண்.

அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல ஒரு சத்தம் இருந்துச்சே, எங்க?"

"அது ஃபால்ட்டுங்க. எடுத்துட்டேன்."

"எங்கப்பா தறி ஓட்டுன ஷெட்டுங்க அது. டிரான்ஸ்பார்மர் கிட்ட மைக்க வெச்சு எடுத்தேன். அந்தச் சத்தத்துக்குத்தான் கிட்டாரையே ட்யூன் பண்ணோம். இப்ப ஷெட்டே இல்ல, மூடிட்டாங்க."

ஐம்பது ஹெர்ட்ஸ்! ஊர் பூரா ஓடுற கரண்ட்டோட சுருதி. ஆர்மோனியத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். டேப் வேகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கு ஆதாரமே நான் வெட்டி எறிந்த துண்டுதான். இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சேன்?

குப்பைக்கூடை காலி. பெருக்குகிற கமலம்மாளிடம் ஓடினேன். "அந்தச் சாக்குல கொட்டினேன்ப்பா. கைய விட்டுத் தேடு, கரைஞ்சா போயிடுவே?"

கிடைத்தது. அரை மீட்டர் டேப், டீத்தூள் ஒட்டி.

12.8, வெள்ளி

துடைத்து ஒட்டினேன். மோட்டாரைப் பழைய வேகத்துக்கு வைத்தேன். பிறகு முதல் தடவையாக, திருத்தாமல், முழுக்கக் கேட்டேன்.

இரைச்சல். அதற்குள்ளிருந்தே கிட்டார் எழும்புகிறது. எங்கே அது முடிந்தது, எங்கே இது தொடங்கியது என்று பிடிக்க முடியவில்லை. "ஷிப்டு முடியல, ஷிப்டு முடியல" என்று அவள் கத்தும்போது மீட்டர் முள் சிவப்பைத் தாண்டி முட்டி நிற்கிறது. குறைக்கக் கை போனது — எடுத்துக்கொண்டேன். என் மேஜை விளக்கும் அதே சுருதியில்தான் இரைகிறது. இத்தனை வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லையா?

ஒரே குறை. ஒட்டின இடத்தில், கிட்டாருக்குச் சற்று முன்னால், ஒரு 'டக்'. மூன்று முறை பிரித்து ஒட்டியும் போகவில்லை. நாற்பதிலும் விழும். அனுப்ரியாவுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன், டேப்பையும் ஓட்டிக் காட்டினேன். "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். ரிசீவரை ஸ்பீக்கரிடம் பிடித்தேன்.

"இருக்கட்டும். கையே வெக்காதீங்க."

14.8, ஞாயிறு

குடோனில் அறுபது பேர் இருப்பார்கள். ஆம்ப்ளிபையர் இரைந்தது. நான் எர்த்தைப் பார்க்கப் போகவில்லை. மேடையில் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று.

டிரம்ஸ் வாசிக்கும் யுவன் குச்சியை விளிம்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். டக்.

அதன் பிறகுதான் கிட்டார்.