எரவாணத்தில் செருகிய மாத்திரை

சிட்டு,

போன வாரம் உன் வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். ஓலை மக்கிவிட்டது, ஐப்பசி மழை தாங்காது என்று உன் வீட்டுக்காரர் புதிதாக வேயச் சொன்னார். நான் கீழே நின்று பழைய ஓலையை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கூரை தாழ்ந்து நிற்கும் எரவாணத்தை அவிழ்த்தபோது ஒரு துணி முடிச்சு என் காலடியில் விழுந்தது. பச்சைத் துணி. பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த ரவிக்கையின் கை அது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஆஸ்பத்திரிப் பொட்டலங்கள், அத்தனையிலும் உன் மாத்திரை. சிவப்பு மாத்திரையெல்லாம் ஈரத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, பழம்புளி மாதிரி கட்டியாகியிருந்தது. மருந்து வாடை மட்டும் அப்படியே மூக்கில் ஏறியது.

நீ போய் இரண்டு வருஷமாக உனக்காக அழுதேன். அந்த முடிச்சை அவிழ்த்ததோடு அழுகை நின்றுவிட்டது. இப்போது இருப்பது கோபம்தான். மூன்றாவதோடு நின்ற படிப்பு என்னுடையது, எழுத்து கோணலாகத்தான் வரும். எதிரே நிற்க வைத்துத் திட்ட நீ இல்லை. அதனால் எழுதித் திட்டுகிறேன், கேட்டுக்கொள்.

உனக்கு இருமல் பிடித்தது ஒரு நடவுக் காலத்தில். சேற்றில் நின்றது சளியாகியிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆடாதொடை இலையைக் கசாயம் வைத்துக் கொடுத்தேன். தூதுவளையைத் துவையல் அரைத்துக் கொடுத்தேன். வேப்பிலை அடித்து மந்திரித்தோம், கையில் கயிறு கட்டினோம். இருமல் போகவில்லை, நீதான் பாதியாகிப் போனாய். அப்போதுதான் நம் ஊருக்கு வாரத்துக்கு ஒரு நாள் வரும் நர்ஸம்மா உன்னைப் பிடித்து நிறுத்தி, உத்திரமேரூருக்குப் போய்ச் சளியைக் கொடுத்துப் பார் என்றாள். பார்த்தோம். டி.பி. என்றார்கள்.

அந்தப் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று பஸ்ஸிலேயே என்னிடம் சத்தியம் வாங்கினாய். தெரிந்தால் நடவுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள், கூழ் குடிக்கப் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்றாய். அது நியாயம்தான். நம் ஊர் அப்படிப்பட்ட ஊர்தான். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பல்லில் சீழ் என்று பொய் சொல்லித் தனி லோட்டாவில் குடித்தாய். அதற்கும் நான் ஆமாம் போட்டேன்.

மாதம் தவறாமல் மாத்திரை வாங்கப் போனாய். ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தவள் நான். ஊர்க்காரர் யாராவது வருகிறார்களா என்று ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்று காவல் காத்தேன். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவாய். பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு வருவாய். "துன்றியாடி?" என்று கேட்டால், "துன்னாம இன்னா, அழகு பாத்துக்கினு கீறனா?" என்பாய். அழகு பார்க்கக்கூட இல்லை நீ. அத்தனையும் எரவாணத்துக்குத்தான் போயிருக்கிறது.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, அம்மியடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாய்: "யக்கா, ஒடம்புல சூடு ஏறிப்போனா இன்னா பண்றது?"

எனக்கு என்ன தெரியும்? சூடு என்றால் சூடு. நம் வீடுகளில் கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு. சரிதான், மாத்திரையோடு பகல் முழுக்க வெயிலில் குனிந்து நடுகிறாளே, சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். நுங்கு வாங்கித் தோலெடுத்துத் தந்தேன். எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாய். எதற்குக் கேட்டாய் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த தையில் நீ போனாய். கடைசியில் உன்னைத் தூக்கி உட்காரவைக்க எனக்கு ஒரு கை போதும், அப்படி ஆகியிருந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் நர்ஸம்மா தெருவுக்குள் வந்தாள். உனக்காக நான் பேசின பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். பையைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். "பொழைக்க வெக்கற மாத்திரையாம்மா இது? எமன் மாத்திர. கொண்டுபோய் ஏரில கொட்டு" என்றேன். மூன்று தெருவும் கூடி நின்று கேட்டது. அவள் குனிந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் வந்தால் நம் தெருவில் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகளுக்கு ஊசி போடக்கூட விடவில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு. தங்கைக்காக நியாயம் கேட்டேனாம்.

இப்போது கேள். உன் வீட்டுக்காரருக்கு இருமல். நீ கொடுத்துவிட்டுப் போனதுதான், வேறு யார் கொடுத்தது? ஆடியிலிருந்து இருமுகிறார், துண்டில் ரத்தம் பார்த்துவிட்டேன். கதவைச் சாத்தியும் விடாமல் நர்ஸம்மாவே வந்து சளியை எடுத்துக்கொண்டுபோய்ப் பார்த்து, மாத்திரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் தொடமாட்டேன் என்றார். கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்கதானே அண்ணி எமன் மாத்திரைன்னீங்க."

அந்த நேரத்தில்தான் கூரையிலிருந்து உன் முடிச்சு விழுந்தது. கையும் களவுமாக அகப்பட்டது, இதைக் காட்டினால் போதும் என்று அவர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"பாரு தம்பி. அவ மாத்திர துன்னு சாவல. துன்னாமதான் செத்தா."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. கீற்றை முடைந்துகொண்டே, "தெரியும் அண்ணி, செருகனதே நான்தான்" என்றார். நீ நாலு நாள்தான் சாப்பிட்டாயாம். அதற்கே ஒண்ணுக்குச் சிவப்பாகப் போனதாம். கொல்லையில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாயாம். ரத்தம் சூட்டில் உருகிப் போகிறது என்று இரண்டு பேரும் பயந்து நிறுத்திவிட்டீர்களாம். வாங்கப் போகாவிட்டால் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து நிற்பாள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மாதாமாதம் போய் வாங்கிமட்டும் வந்தாயாம். "நாலு நாள் துன்னதுக்கே அவள அது வுடல. நான் துன்னுவனா?" என்றார்.

கொட்டின மாத்திரையைத் திரும்ப அள்ளி முடிந்துகொண்டு வந்தேன் சிட்டு. ஊரே வாய்க்காரி என்று சொல்கிற நான்.

மறுநாள் நர்ஸம்மா வரும் நாள், முதல் பஸ்ஸுக்கு முன்னால் போய் ஏரிக்கரை நிறுத்தத்தில் நின்றேன். நர்ஸம்மா இறங்கி என்னைப் பார்த்ததும் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பிடுங்குவேன் என்று நினைத்திருப்பாள். சிவப்பாகப் போனதைச் சொன்னேன்.

"அது மாத்திரையோட சாயம்மா," என்றாள். "மொத நாள் ஆஸ்பத்திரில மாத்திர குடுக்கறப்பவே சொன்னேன். உங்க தங்கச்சி தலைய ஆட்டினாங்க."

ஆட்டியிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை. வரிசையில் ஆம்பளைகள் நிற்க, ஒண்ணுக்குப் போவதைப் பற்றி அவள் உரக்கச் சொன்னாளாம். நீ கூச்சத்தில் முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டிருப்பாய். காதில் விழுந்ததோ இல்லையோ, தலை மட்டும் ஆடியிருக்கும். பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் ஆட்டினாய். அந்தத் தலையை இழுத்து நாலு குட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, வாய் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. "அவருக்கு ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

உன் வீட்டுக்காரரிடம் இதை நான் எப்படிச் சொல்வேன்? தங்கை புருஷன். அவர் முகத்தைப் பார்க்காமல் கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, இத முழுங்கு. நாளைக்கு உனக்கும் செவப்பாதான் போவும். அது ரத்தமில்ல, மாத்திர சாயம். செவப்பா போவலன்னாதான் நீ என்ன ஏமாத்திக்கினு கீறன்னு அர்த்தம்."

மாத்திரையைக் கையில் உருட்டினார். பிறகு சொம்பை எடுத்தார். அவர் தொண்டை இறங்கி ஏறுகிற வரைக்கும் நான் நகரவில்லை.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார். துண்டைத் தோளுக்கு மாற்றினார். மாட்டைப் பற்றி ஏதோ கேட்டார். மேகத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்துச்சு அண்ணி" என்றார். அவ்வளவுதான். பயத்தில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் அன்றைய மாத்திரையை எடுத்துக்கொண்டு சொம்போடு வந்திருந்தார். என் எதிரிலேயே விழுங்கினார்.

இவ்வளவுதானடி விஷயம். ஒரு வார்த்தை. பயத்தில் ஒரு ஆம்பளை, அதுவும் அண்ணியிடம், கூச்சத்தை விட்டு வந்து சொல்லிவிட்டார். கூடப் பிறந்த நீ சொல்லவில்லை. அம்மியடி வரைக்கும் வந்தாய், சூடு என்று பாதியைச் சொன்னாய், மீதியை விழுங்கிவிட்டாய். மாத்திரையை விழுங்கியிருக்கலாம்.

இனி தினமும் அவர் என் வாசலுக்கு வந்துதான் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாத்தின கதவெல்லாம் திறக்கவும் நான்தான் வீடு வீடாகப் போக வேண்டும். இரண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்னா, இப்ப இப்பிடி பேசறே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அன்றைக்குத் தெருவில் நின்று கத்தினதை நான்தான் ஒவ்வொரு வாசலிலும் திரும்ப விழுங்க வேண்டும்.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். மாத்திரையை எரவாணத்தில் செருகின அன்றைக்கு, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று அவர் உன்னிடம் சொன்னாராம். வேண்டாம், அக்கா திட்டும் என்றாயாம்.

நான் திட்டுவேன்தான். பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டுதானே இருந்தேன், எந்தத் திட்டு உன்னைக் கொன்றது? சாவைக் காட்டிலும் என் வாய்க்கா பயந்தாய், சிட்டு?