கற்பூர வெளிச்சம் பட்ட பிலிம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள சிவபாலனுக்கு அம்மா எழுதுவது. காமாட்சி புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், ஆனால் நடுநடுவே இருமலை விழுங்கிக்கொண்டு சொல்கிறாய், அம்மாவுக்குக் காது கேட்கும்பா. டப்ளின் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதெல்லாம் போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கலாவதி அக்கா மகன் அங்கே திரும்பிப் போகும்போது பருப்புப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை முதலில் படி, பொடி எங்கேயும் ஓடிவிடாது.

உன் தங்கை கீர்த்தி விஷயம்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே போட்டோ தொழில் என்று அவள் உட்கார்ந்ததில் நான் எவ்வளவு பயந்தேன் என்று உனக்குத் தெரியும். ஊரே கையில் போனை வைத்துக்கொண்டிருக்கும்போது இவள் பழைய பிலிம் கேமராவில் எடுத்து, பின்கட்டு அறையை இருட்டாக்கித் தானே கழுவி, தானே பிரிண்ட் போட்டு, மைதா பசை காய்ச்சிக் கையாலேயே ஆல்பம் தைத்துத் தருகிறாள். உன் அறையில் கொடி கட்டிப் படங்கள்தான் காய்கின்றன, அந்த மருந்து நாற்றத்தில் நான் வைத்த ரசத்தின் வாசனை எனக்கே தெரிவதில்லை. இதற்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். பெண்கள் வந்தார்கள், தங்கள் படம் போனில் ஊரெல்லாம் சுற்றக் கூடாது என்று நினைக்கிறவர்கள். படத்தையும் பிலிமையும் சேர்த்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள், நம் வீட்டில் ஒன்றும் தங்காது. அப்படித்தான் அப்பாவுக்குச் சரிகை கொடுக்கிற சனாவுல்லா பாயின் மனைவி நபீசா, மகள் சாய்மாவின் மருதாணிச் சடங்குக்கு இவளைக் கூப்பிட்டாள். ஆண்கள் கிடையாது, போன் கிடையாது, கீர்த்தி ஒருத்திதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நிக்காஹ் முடிந்து சாய்மா புருஷனோடு மஸ்கட் போய்விட்டாள். அந்த நாளுக்கென்று இருந்ததே அந்த ஒரு பிலிம் ரோல்தான்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் தறியை நிறுத்தி அதற்குக் கற்பூரம் காட்டி, தட்டோடு மணியடித்துக்கொண்டு அறை அறையாகப் போவார். அந்த நேரத்தில் வீட்டில் ஓர் அறை இருட்டாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. பின்கட்டில் கீர்த்தி கழுவுவதற்காக இருட்டுக்குள் ரோலைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள், கழுவுவதற்கு முன் துளி வெளிச்சம் பட்டாலும் பிலிம் கெட்டுவிடுமாம். அந்தக் கதவின் தாழ்ப்பாள் என்றைக்கு ஒழுங்காக விழுந்திருக்கிறது? அவர் தோளால் ஒரு தள்ளு தள்ளிக் கற்பூரத்தோடு உள்ளே போய் நின்றார், பின்னால் கூடத்து டியூப்லைட் வேறு. அவள் பிலிமை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் குனிந்துவிட்டாள். கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. போச்சுப்பா என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவளும் சாப்பிடவில்லை, அப்பாவும் சாப்பிடவில்லை, கூடத்தில் நான் சோற்றுப் பானையோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பார்த்து வெச்ச பெங்களூர் வேலைக்கே போயிடறேம்மா, நபீசாம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன் என்றாள். பிலிமை இருட்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டாள், கழுவிக்கூடப் பார்க்க மாட்டாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே போய்ப் பதில் சொல்லப் போவது நாம், என்ன போச்சு, என்ன மிஞ்சிச்சு என்று தெரியாமல் போய் நிற்பதா, எழுந்து போய்க் கழுவு என்று திட்டினேன். கழுவினாள். சுருளின் வெளிச்சுற்றில் இருந்ததெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கல்யாணப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து எடுத்தது, தோழிகளோடு எடுத்தது எல்லாம் போனது போனதுதான். ஆனால் உட்சுற்றில் இருந்தவை, அதாவது கடைசியில் எடுத்த படங்கள், பிழைத்துவிட்டன.

பிழைத்தவற்றைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நானும் கீர்த்தியும் நபீசா வீட்டுக்குப் புறப்பட்டபோது அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பொம்பளைங்க படம், நீ பாக்கக் கூடாதுப்பா என்றாள் கீர்த்தி. பாக்கல, வாசலோட நின்னுக்கறேன் என்றார். சரிகை விலையில்கூட சனாவுல்லா பாயிடம் இறங்கிப் பேசாத மனுஷன், வாசலில் அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, புள்ள மேல தப்பு இல்ல பாய், நான்தான் கதவத் தள்ளிட்டேன் என்றார். உள்ளே நபீசா படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எம்பொண்ணு தனியா இருக்கறது எங்கமா, எங்க என்று கேட்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன். கடைசிப் படத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது. விருந்தாளிகள் போன பிறகு, இரண்டு கையிலும் ஈர மருதாணியோடு உட்கார்ந்திருக்கும் சாய்மாவுக்கு நபீசா சோறு ஊட்டுகிற படம், அந்தப் பெண்ணுக்கு வாய் நிறையச் சோறும் சிரிப்பும். நான் எப்ப ஊட்டினேன், நீ எப்ப எடுத்த, எனக்கே தெரியலியே என்றாள். நபீசாவின் கை இருந்த ஓரத்தில், பிலிமில் வெளிச்சம் பட்டுக் கறுத்த இடம் பிரிண்டில் பனி மூடியது மாதிரி வெள்ளையாக இருந்தது. அத மட்டும் வெட்டிக் குடுக்கட்டுமா என்று கீர்த்தி கேட்டதற்கு, வெட்டினா என் கை போயிடும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். கோபம் முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், மற்ற படங்களை நினைத்து நினைத்துப் பெருமூச்சு விட்டாள். ஆனால் புறப்படும்போது, வாலாஜாவுல என் தங்கச்சி மக கல்யாணம் வருது, அதுக்கும் நீதான் வரணும், உங்கப்பாவ மட்டும் கூட்டிக்கினு வராத என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். கீர்த்தி வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டாள்.

நீயும் வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாதே. ஏகாம்பரநாதர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார், எங்கள் இருவர் ஆசியும் என்றும் உனக்கு உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே, பெங்களூரில் உன் நண்பனிடம் கீர்த்திக்காகச் சொல்லிவைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிடு. இது நானாக எழுதுவது இல்லை. யார் கேட்டாலும், பொண்ணு வூட்ல சும்மாதான் இருக்குது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா, தறியில் உட்கார்ந்தபடியே எழுதச் சொல்கிறார், அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எம்பொண்ணுக்கு வேலை இருக்குது, வேற தேட வேணாம்னு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
புவனேஸ்வரி