ஏழு படிகளில் திறக்கும் பொட்டலம்

மார்ச் 2

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஆகவே முதலில் எனக்குப் பிடிக்காத உண்மை. போன வருடம் என் தம்பி எலி, அம்மாவின் காதுக் கருவிக்குப் போடும் பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டான். (எலி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்பா. இந்த வீட்டில் அவன் திறக்காத டப்பா இல்லை.) ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை வெந்துபோயிருக்குமாம். அந்தப் பேட்டரியை மேசைமேல் வைத்துவிட்டுக் கதைப்புத்தகம் படிக்கப் போனது நான்தான்.

அதற்குப் பிறகுதான் பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். இன்று பதில் வந்தது! ‘தங்கள் மேலான ஆலோசனையை ஏற்று’, பொத்தான் பேட்டரிகள் இனிமேல் குழந்தைகளால் திறக்க முடியாத பொட்டலத்தில்தான் விற்கப்படுமாம். எனக்குப் பன்னிரண்டு வயது. நான் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறேன்.

மார்ச் 9

புதுப் பொட்டலம் வாங்கிவந்தோம். பழையவற்றைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துப்போய்விட்டார்கள். திறக்க ஏழு படிகள், படத்தோடு. மூன்றாவது படியில் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்து, நடுவைத் திருகி, அதே நேரத்தில் ஓரத்தை இழுக்க வேண்டும்.

அப்பா பேக்கரியில் மாவு பிசைகிறவர். மணிக்கட்டு இரும்பு மாதிரி. முக்கால் மணி நேரம் போராடினார்.

"இதுக்கு மூணு கை வேணும்டி. எனக்கு ரெண்டுதான் குடுத்து அனுப்பியிருக்காங்க."

கத்தரிக்கோல் வழுக்கியது. சுத்தியலால் அடித்தால் பேட்டரி நசுங்கிவிடும். கடைக்காரரிடம் திறந்து தரச் சொன்னோம். திறந்து விற்றால் அபராதமாம்.

"எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ," என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மார்ச் 12

அம்மாவின் இடது காதுக் கருவி நின்றுவிட்டது.

மார்ச் 13

வலதும்.

பதினேழாம் தேதி அம்மாவுக்கு நேர்காணல். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றுவிடுவார்கள். கேள்வியே காதில் விழாமல் எப்படிப் பதில் சொல்வாள்? ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு அம்மாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேனா? இதற்கா நாலு பக்கம்?

மார்ச் 16

பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனோம். அம்மா, நான், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் எலி. பொட்டலப் பிரிவு அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"நீதானாம்மா அந்த லெட்டர் எழுதினது? ஃபைல்ல முதல் பக்கமே அதான்."

"சார், இத யாராலயும் திறக்க முடியல."

"அப்ப வெற்றிதானே?"

"பெரியவங்க திறக்கணுமே சார்."

"திறந்தாங்களே! சோதனைல நூத்துக்கு நூறு."

அறிக்கையை வாங்கிப் படித்தேன். பெரியவர்கள் பிரிவு: ஊழியர்கள் இருபது பேர், திறக்கப் பயன்படுத்திய கருவி தகடு வெட்டும் கத்தரி. குழந்தைகள் பிரிவு: அலுவலக நர்சரிப் பிள்ளைகள் ஐம்பது பேர், ஒருவரும் திறக்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘ஆசிரியை கையைக் கட்டி உட்காரச் சொன்னதால் சோதனை ஒழுங்காக நடைபெற்றது.’

இரண்டு முறை படித்தேன்.

"சார், இவங்க பொட்டலத்தத் தொடவே இல்லையே?"

"ரொம்ப நல்ல நர்சரிம்மா அது."

அப்போது ‘டிக்’ என்றது. நாங்கள் கொண்டுபோய் மேசைமேல் வைத்த பொட்டலம் எலியின் மடியில் திறந்து கிடந்தது. அம்மா பாய்ந்து அவனைத் தூக்கினாள். நான் தரையில் பொறுக்கினேன். ஒன்று, இரண்டு— ஐந்து. ஐந்துதான். ஆறு இருக்கணுமே, ஐயோ எங்கடா ஒண்ணு, வாயத் திறடா— விரலை விட்டேன், கடித்தான். வாயில் இல்லை. ஆறாவது அவன் மூடிய கைக்குள் இருந்தது. அதைப் பிடுங்கி மற்ற ஐந்தோடு மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு செகண்டு. எந்த நர்சரி இவன்?"

"இன்னும் எங்கயும் சேக்கல சார்," என்றேன்.

"அதானே பாத்தேன். கணக்குல வரமாட்டான்." பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா கண்ணால பாத்துட்டேனே. விற்பனையவே நிறுத்த எழுதணும். இதெல்லாம் சாட்சிப் பொருள்." ஆறு பேட்டரிகளையும் உறையில் போட்டார்.

"அது எனக்கு வேணும்! நாளைக்கு இன்டர்வியூ!" என்றாள் அம்மா. தன் குரல் தனக்குக் கேட்காததால் மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லா நாற்காலியும் திரும்பியது.

நான் அழுதேன். உண்மை எழுத வேண்டுமே, மூக்கு ஒழுக அழுதேன். "நீங்க பொட்டலப் பிரிவுதானே சார்? பொட்டலத்த வெச்சுக்கோங்க. பேட்டரி உங்களுது இல்லயே!"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் மெல்ல வெளிறியது. "பேட்டரி மின்சாரப் பிரிவு. மூணாவது மாடி. இதத் தொடவே எனக்கு அதிகாரம் கிடையாது." உறையை ஒரு விரலால் அம்மா பக்கம் தள்ளினார்.

மார்ச் 18

இரண்டாவது கடிதம். இந்த முறை அரைப் பக்கம். கையால் பிரிக்கவே முடியாத கெட்டி உறை போடுங்கள். ஆனால் வீட்டுக் கத்தரிக்கோலுக்கு அது வெட்டுப்பட வேண்டும். கத்தரிக்கோலை உயரத்தில் மாட்டுவது எங்கள் பொறுப்பு. விற்பனையை நிறுத்தாதீர்கள்.

ஏப்ரல் 4

நிரந்தரம்!!! பதினாலு கேள்வி கேட்டார்களாம். பதினாலும் காதில் விழுந்ததாம்.

ஏப்ரல் 21

புதுப் பொட்டலத்துக்குச் சோதனை. அலுவலகத்தின் அடித்தளக் கூடம், ஜன்னல் கிடையாது. பேட்டரிக்குப் பதிலாக உள்ளே சட்டைப் பொத்தான்கள். அம்மா வீட்டுக் கத்தரிக்கோலால் ஏழு நொடியில் வெட்டிவிட்டாள். குழந்தைகள் பிரிவுக்கு இந்தத் தடவை முதல் ஆளாக எலியைக் கூப்பிட்டார்கள்.

கடித்தான். மிதித்தான். மேலே ஏறி உட்கார்ந்தான். அதிகாரியின் ஷூவுக்கடியில் வைத்து, "மிதி மாமா," என்றான். அவரும் மிதித்தார். ஐந்து நிமிடம் முடிந்தது. பொட்டலம் திறக்கவில்லை. எலி அதைத் திருப்பித் தரவும் இல்லை.

"லைட்ட அணைங்க சார்," என்றார் அப்பா. "வீட்ல அப்படித்தான் பண்ணுவோம். தானா விட்டுடுவான்."

அதிகாரி அணைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எங்க விட்டான்? இன்னும் மென்னுக்கிட்டுதான் இருக்கான்," என்றாள் அம்மா. "எனக்குக் கேக்குதே."

இதைக் கோணல்மாணலாக எழுதியிருப்பதற்குக் காரணம், கூடத்தில் விளக்குகள் இன்னும் அணைந்தேதான் இருக்கின்றன.