கேசட்டில் இல்லாத இருமல்

வீரபாண்டி, திருப்பூர்
14.6.2005

ஜோதிகாவின் அப்பாவுக்கு நாகஜோதி எழுதுவது.

நானும் பிள்ளையும் சுகம். ஜோர்டானில் நீங்கள் சுகமாக இருப்பது வெள்ளிக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது.

ஜோதிகா இரண்டாம் வகுப்பு போகிறாள். புது யூனிபார்ம் தைத்தாயிற்று. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, ஞாயிறும் வேலை. நாலு மணி டீக்கு அப்புறம் லிங்கசாமி சூப்பர்வைசர் இன்னும் அதே நாடக காமிக் கேசட்டைத்தான் போடுகிறார். அதில் வரும் மாஸ்டர் "இன்னிக்கு யாரு வேலைக்கு வருவா?" என்று கேட்க, வேலைக்கார பெண் "நாளை வருவான்" என்கிறாள். நாளை என்பது ஆளுடைய பேர் என்று மாஸ்டருக்குக் கடைசி வரை விளங்குவதில்லை. வசனம் வருமுன்னே செக்கிங் டேபிளில் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஏனுங்க, எட்டு வருசமா கேக்கறமுங்க, இன்னும் வயிறு வலிக்குதுங்களே" என்கிறார் லிங்கசாமி. நேற்று நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் ஜோதிகா வழக்கம்போல அந்த மாஸ்டர் வசனத்தை எடுத்து, "இன்னிக்கு யாருப்பா வருவா?" என்று கேட்டாள். நீங்கள் வாய் திறக்குமுன் ஒரு பெண்குரல், "நாளை" என்றது. ஒரு வறட்டு இருமல். பிறகு "வருவான்" என்றது. "ரூம்ல கேசட் ஓடுது தாயி" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

நேற்று லிங்கசாமியிடம் கேட்டு அந்தக் கேசட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். இருமல் இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணமான புதிதில் வீட்டில் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டும்போது, பஞ்சுத் தூசி ஏறி நான் அந்த இடத்தில் இருமினேன். நீங்கள் பாயில் விழுந்து புரண்டு சிரித்தீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் அது வசனத்தோடு சேர்ந்துவிட்டது. அது நம் வீட்டுக்குள் இருந்த சங்கதி. அங்கே யார் கொண்டு போனது?

அங்கே உங்கள் கம்பெனி தையல் லைனில் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்திருப்பதாகப் போன மாதம் எழுதினீர்கள். மூன்று பேருக்குப் பெயரும் ஊரும் எழுதியிருந்தீர்கள். நாலாவது ஆளுக்குப் பெயர் கிடையாதா? அந்தக் கடிதத்தையும் மறுபடி எடுத்துப் படித்தேன். இப்படி உட்கார்ந்து துப்பறிகிறேனே என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நெஞ்சு எரிகிறது, மறைக்கத் தெரியவில்லை. இருமல் ஒரு நாளில் வராது. எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருந்தால் அந்த இடத்தில் சரியாக விழும் என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் கந்தப்பன் அண்ணனிடமோ அம்மாவிடமோ மூச்சு விடவில்லை. ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. அதற்கு முன்னால் வர வழியிருந்தால் வந்துவிடுங்கள். உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் மாரியம்மன் காப்பாற்றட்டும்.

போனை வைத்ததும் ஜோதிகா, "அப்பா கேசட்டும் உன்னை மாதிரியே இருமுதும்மா" என்று குதித்தாள். ஆமாம் கண்ணு, கேசட்தான் என்றேன். பிள்ளையிடம் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது பொய் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி என்றே இன்னும் கையெழுத்திடும்,
நாகஜோதி