போண்டா சாப்பிட்டான், மாமா

மாமா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விடுதிச் சமையலறைக்குப் போய் ஒரு பிடி சாதம் வடிக்கச் சொன்னேன். "காலங்காத்தால சாதமா? லூச்சி போட்டுத் தரேனே, பௌதி" என்று அண்ணி முறை கொண்டாடினாள் அங்கே சமைக்கும் மாசி. பூரி வேண்டாம், சாதம்தான் வேண்டும் என்றேன். கோவிந்தபோக் அரிசி கொதிக்க ஆரம்பித்தது. அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். கல்கத்தாவில் அத்தனை வருஷம் இருந்தும் கடுகெண்ணெய்க்கு வளைந்து கொடுக்காதவர், இந்த அரிசியிடம் மட்டும் தோற்றுப்போனீர்கள்.

கோருமாரா காட்டுக்கு வெளியே, லாட்டாகுரியில் தங்கியிருக்கிறோம். நாங்கள் இருவரும் உங்கள் போண்டாவும். காட்டுக்குள் நாயை விடமாட்டார்கள், அதனால் முறை வைத்துக்கொண்டோம். நேற்று மாலை நான் ஜீப்பில் போனேன். இன்று காலை உங்கள் பிள்ளை போயிருக்கிறார். அவர் திரும்பியதும் போண்டாவை சுபீர்தாவிடம் விட்டுவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. இவரோடு பாங்கில் இருந்தாரே, அந்த நண்பர்தான். இப்போது சால்சாவில் தோட்டம் வைத்திருக்கிறார். காடு பார்ப்பது ஒரு சாக்கு. நாயை விட்டுவிட்டு வரத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று உங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து அவனை எங்கள் பாலிகஞ்ச் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றிலிருந்து அவன் சோற்றைத் தொடவில்லை. ராத்திரி கொஞ்சம் பால், ஒன்றிரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். தயிர்சாதம் பிசைந்து வைத்தால் தட்டுக்கு முன்னால் வந்து உட்காருவான். என் முகத்தைப் பார்ப்பான், பால்கனியைப் பார்ப்பான், பிறகு எழுந்துபோய் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொள்வான். உடம்பில் ஒன்றுமில்லை, துக்கம்தான் என்றார் டாக்டர். நீங்கள் வீடு திரும்பாமலே போனீர்கள். அவனுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"இவன் தட்டை விட்டுட்டுப் போறதைப் பாக்கறப்பல்லாம், அப்பா ஸ்பூனைத் தள்ளினது ஞாபகம் வரது. என்னால முடியலை" என்றார் உங்கள் பிள்ளை. எனக்கு வேறு கவலை. இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, என் கையால் சாப்பிட மாட்டான் என்று நினைத்தேன். ஒரு நாயிடம் போய் இப்படி மனத்தாங்கலா என்று வெட்கமாக இருந்ததால் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

வழியில் ஒரு தாபாவில் அவனுக்காகச் சூடாக ரொட்டி வாங்கினோம். மோந்து பார்த்துவிட்டு என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டான். ஃபராக்கா பாலத்தில் மட்டும் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக் கங்கைக் காற்றை இழுத்தான். "உங்கப்பாவும் இப்படித்தான். எவ்வளவு தூக்கமா இருந்தாலும் கங்கை வந்தா எழுந்து உக்காந்துப்பார்" என்றேன். இவர் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

நேற்று மத்தியானம் விடுதி வராந்தாவில் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. போண்டாவின் தட்டையும் வழக்கம்போல வைத்தேன். அவன் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். உங்கள் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, சாப்பிட உட்காராமல் ஒரு பிடி சாதத்தை எடுத்துப் போய் வேலிக் கம்பத்தின்மேல் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கா... கா..." என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "அப்பா காக்காவுக்குப் பந்தி போடறார்" என்று உங்களைக் கேலி செய்தவர்தானே. நீங்களும் விடமாட்டீர்கள். "போடா. அவர் சாப்பிட்டப்புறம்தான் நாம." காக்கையை 'அவர்' என்று சொல்லும் ஒரே மனிதர் நீங்கள்தான்.

"தாதா, காக்காவைக் கூப்பிட்டா குரங்கு வரும்!" என்று இவரை அண்ணனாக்கி மாசி உள்ளேயிருந்து சிரித்தாள். குரங்கு வரவில்லை. காக்கைதான் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு வாய் கொத்தியது.

வண்டிக்கு அடியிலிருந்து போண்டா எழுந்து வந்தான். நேரே தட்டுக்கு வந்து தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன்! மாடிச் சுவரில் சாதம் வைத்துக் கூப்பிடுவீர்கள். காக்கை எடுத்த பிறகு போண்டாவின் தட்டைக் கீழே வைப்பீர்கள். அதற்கப்புறம்தான் நீங்கள் உட்காருவீர்கள். எங்கள் பால்கனியில் புறாவுக்குப் பயந்து வலை கட்டியிருக்கிறோம். அங்கே யார் காக்கைக்கு வைத்தார்கள்? பெரியவர் இன்னும் சாப்பிடவில்லையே என்று இவன் காத்திருந்திருக்கிறான். நாங்கள் டாக்டரிடம் ஓடினோம், டப்பா டப்பாவாக நாய்த்தீனி வாங்கினோம்.

"அடப் படுபாவி! எங்களைவிட நீ ஆசாரமாடா?" என்று உங்கள் பிள்ளை சிரித்தார். சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் காட்டில் ஒரு காண்டாமிருகம் புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஜீப்பில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் சத்தமாகப் பெருமூச்சு விட்டேன். கைடு திரும்பி முறைத்தார். என்ன செய்வது? உங்கள் ஆஸ்பத்திரி நாட்களுக்குப் பிறகு நேற்றுதான் எனக்கு முழு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது இவரும் இலேசாகியிருந்தார். "இனிமே கவலை இல்லை. சுபீர்தாகிட்ட இதைச் சொல்லிட்டாப் போறும். அவர் தோட்டத்துல காக்காய்க்கா பஞ்சம்?" நியாயம்தான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், அவன் பகலெல்லாம் தனியாக இருப்பான், வாக்கும் கொடுத்தாயிற்று. நான் 'ம்' என்றேன்.

ஆனால் இன்று காலை ஜீப் கிளம்பிப் போனதும் எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாதத்தைக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டு நானே கூப்பிட்டேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. அப்புறம் உரக்கக் கூப்பிட்டேன். போண்டா என்னைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். இரண்டு காக்கைகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு வந்து இறங்கின. தட்டை வைத்தேன். பருக்கை விடாமல் சாப்பிட்டான். பிறகு வந்து என் கையை நக்கினான்.

உங்கள் கைக்கடிகாரத்தை இவர் கட்டிக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு என்று எதையும் நீங்கள் தனியாக எடுத்து வைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குரலெடுப்பு, கடைசியில் கொஞ்சம் இழுத்து நிறுத்துவீர்களே, அது அப்படியே என் தொண்டையில் இருக்கிறது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போது வந்து சேர்ந்ததென்று தெரியவில்லை.

எங்கள் கட்டடத்து மொட்டைமாடிச் சாவி வாசல் காவல்கார தர்வானிடம் இருக்கிறது. ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் மேலே போய்வர எனக்கு நேரம் இருக்கும்.

வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. இறங்கும்போதே யானைக் கதை சொல்ல ஆரம்பிப்பார், அப்புறம் சுபீர்தா காத்திருப்பார் என்பார். சொல்லட்டும். போண்டா சால்சாவுக்குப் போகவில்லை, மாமா. என்னோடு கல்கத்தாவுக்கு வருகிறான். இது உங்களைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது.